ஒரே ஆள், இரண்டு முழங்கால்: வலது தேய்ந்தது, இடது ஏன் தேயவில்லை?

மூட்டுத் தேய்மானம் என்றதும் வயது, எடை என்ற இரண்டைச் சொல்லி நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். காலின் அமைப்பும் ஒரு காரணம். இந்த நிகழ்வில் அது கண்ணெதிரே நின்றும் நான்கு மாதம் என் பார்வைக்கு எட்டவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர் சம்மதம் தந்திருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

முதல் முறை வந்தபோது அவருக்கு வயது 44. கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை. நாளின் பெரும்பகுதி நிற்பதிலும் படி ஏறி இறங்குவதிலும் போகும். உயரம் 171 செ.மீ., எடை 86 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதத்துக்கான அறிகுறியும் இல்லை.

வலது முழங்காலின் உட்பக்கத்தில் இரண்டு ஆண்டாக வலி. தொடக்கத்தில் படியிறங்கும்போது மட்டும் இருந்தது, பிறகு சமதளத்தில் நடந்தாலும் வந்தது. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் விறைப்பு, மாலையில் லேசான வீக்கம். வலிக்கு அவர் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு ஏழு. இடது முழங்காலில் எந்தத் தொந்தரவும் இல்லை.

பழைய கதை ஒன்று இருந்தது. 23 வயதில் கால்பந்து ஆடும்போது வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. சில வாரங்களில் மடக்கிய காலை நீட்ட முடியாதபடி மூட்டு பூட்டிக்கொண்டது. உட்பக்க மெனிஸ்கஸின், அதாவது பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோமே அதன், பெரும்பகுதியை ஆர்த்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் அறுவையில், அகற்றினார்கள். ஆறு வாரத்தில் மறுபடி ஆடப் போய்விட்டார். அதன்பின் பதினைந்து ஆண்டுக்கு மேல் எந்தச் சிக்கலும் இல்லாததால் அதை ஏறக்குறைய மறந்தே போயிருந்தார். நான் கேட்டபோது, "சின்ன வயசுல ஜவ்வுல ஏதோ சின்ன ஆபரேஷன் டாக்டர்" என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

முதல் நான்கு மாதம்

அவர் கொண்டுவந்தவை இரண்டு: படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே, ஓர் எம்ஆர்ஐ. எக்ஸ்ரே அறிக்கை "லேசான தேய்மானம்" என்றது. எம்ஆர்ஐ அறிக்கை, மிச்சமிருந்த உட்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பில், அதாவது பின்பக்க முனையில், கிழிசல் என்றது. அதைச் சுத்தம் செய்துவிட்டால் வலி போய்விடும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த அறுவைக்கு நாள் குறிக்கத்தான் அவர் என்னிடம் வந்தார்.

வேண்டாம் என்றேன். அந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தேய்ந்த முழங்காலை ஆர்த்ராஸ்கோப்பியில் கழுவிச் சுத்தம் செய்வது, தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையைவிட எந்த வகையிலும் சிறப்பாக இல்லை என்று 180 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002-லேயே காட்டிவிட்டது. கிழிசல் தெரிந்தால் அதுதான் வலிக்குக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 50 வயதைக் கடந்தவர்களிடம் எடுத்த எம்ஆர்ஐ படங்களை வைத்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இருக்கவில்லை.

தவறு அதற்குப் பிறகு செய்ததில் இருக்கிறது. வலி மாத்திரை, முன்தொடைத் தசைக்கு இரண்டு பயிற்சிகள், ஷூவுக்குள் வைக்க வெளிப்பக்கம் உயர்ந்த சாய்வு அட்டை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அந்த வகை அட்டை, சாய்வில்லாத சாதாரண அட்டையைவிட வலியைக் குறைப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டு அலசல் சொல்கிறது. பழக்கத்தால் எழுதினேன் என்பதுதான் உண்மை. அவரைப் படுக்கையில் படுக்கவைத்து முழங்காலை மடக்கிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், பிணைநார்களைச் சோதித்தேன். எழுந்து நிற்கச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவும் இல்லை.

நடக்கச் சொன்ன நாள்

நான்காவது மாதம் வந்தார். வலி ஏழிலேயே நின்றது. பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை என்று சொல்லிவிட்டு, "ஆனா காலை ஊன்றினா முட்டி வெளிய நழுவுற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லி, கால்சட்டையைத் தொடைவரை மடித்துவிட்டு, வராந்தாவில் போய்த் திரும்பி வரச் சொன்னேன். இரண்டு கால்களும் வில்லாக வளைந்திருந்தன. குதிகால்களைச் சேர்த்து நிற்கவைத்தபோது முழங்கால்களுக்கு நடுவே நான்கு விரல் நுழைந்தது. ஆனால் பார்வையை இழுத்தது நடைதான். வலது குதிகால் தரையைத் தொட்டு உடல் எடை அதன்மேல் ஏறும் கணத்தில் முழங்கால் வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது. கண் இமைக்கும் நேரம்தான், பிறகு நேரானது. அடுத்த அடியிலும் அதே வெட்டு. இடது காலும் வளைந்ததுதான், ஆனால் அதில் இந்த வெட்டு இல்லை. வாசலில் கழற்றிவைத்த செருப்பைப் புரட்டிப் பார்த்தேன். வலது செருப்பின் குதி, வெளி ஓரத்தில் சரிந்து தேய்ந்திருந்தது.

நின்றபடி எடுத்த படம்

இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இரண்டு கால்களும் ஒரே படத்தில் விழும்படி, நின்ற நிலையில் நீள எக்ஸ்ரே எடுத்தோம். முழங்காலைச் சற்று மடக்கி நின்றபடி இன்னொன்றும் எடுத்தோம்.

மூட்டு இடைவெளி என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவே குருத்தெலும்பு இருக்கும் இடம். படுத்தபோது 4 மி.மீ. தெரிந்த வலது உட்பக்க மூட்டு இடைவெளி, நின்றபோது 2 மி.மீ. ஆனது. இடதில் 5 மி.மீ. எக்ஸ்ரேயில் தேய்மானத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடும் கெல்கிரன்–லாரன்ஸ் அளவுகோலில் வலது மூன்றாம் நிலை, இடதில் சொல்லும்படி ஒன்றுமில்லை.

இடுப்புப் பந்தின் மையத்தையும் கணுக்காலின் மையத்தையும் ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு முழங்காலில் எங்கே விழுகிறதோ அங்கேதான் எடை இறங்குகிறது. டிபியாவின், அதாவது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின், மேற்பரப்பு அகலத்தை உள் ஓரத்திலிருந்து 0 முதல் 100 வரை அளந்தால், நேரான காலில் கோடு 50-க்குச் சற்று உள்ளே விழும். இவருக்கு இடதில் 37-ல் விழுந்தது, வலதில் 20-ல். கோணமாகச் சொன்னால் இடது 3 டிகிரி வில், வலது 7 டிகிரி வில்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருந்தது. டிபியாவின் மேற்பரப்பு அதன் தண்டோடு உட்பக்கத்தில் சேரும் கோணம் பெரும்பாலானவர்களுக்கு 87 டிகிரியை ஒட்டி இருக்கும். இவருக்கு இரண்டு காலிலும் 84. எலும்பின் வளைவு இரு பக்கமும் ஒன்றே என்றால், வலதில் கூடுதலாக உள்ள 4 டிகிரி எங்கிருந்து வந்தது? மூட்டுக்குள்ளிருந்துதான். உட்பக்கத்தில் 1 மி.மீ. இடைவெளி குறைந்தால் கால் ஏறக்குறைய 1 டிகிரியோ சற்றுக் கூடுதலாகவோ வளையும். இரு காலுக்கும் இடைவெளி வித்தியாசம் 3 மி.மீ. கணக்கு நேராகவே வந்தது.

உடற்கூறு சொன்ன விளக்கம்

நேரான காலிலும் முழங்காலின் இரு பக்கமும் சமமாகச் சுமப்பதில்லை. நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் உடலின் எடைமையம் அந்தக் காலுக்கு உட்புறம் இருக்கிறது. அதனால் சுமையில் 60 முதல் 70 சதவீதம் உட்பக்கத்துக்கே போகிறது. வில்காலில் இந்தப் பங்கு இன்னும் ஏறும்.

அந்தச் சுமையைப் பரப்பிக் கொடுப்பது மெனிஸ்கஸ். தொடை எலும்பின் அடிமுனை உருண்டை, டிபியாவின் மேல்முனை ஏறக்குறையத் தட்டை. உருண்டையும் தட்டையும் நேராகத் தொட்டால் தொடும் இடம் சிறிதாகி அழுத்தம் குவியும். நடுவே ஆப்பு போலச் செருகியிருக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸ்தான் தொடும் பரப்பை விரிக்கிறது. கால் நீட்டியிருக்கும்போது அந்தப் பக்கச் சுமையில் பாதி, 90 டிகிரி மடக்கும்போது 85 சதவீதம் வரை அதன் வழியாகவே கடக்கிறது. உட்பக்க மெனிஸ்கஸ் பக்கப் பிணைநாரோடு ஒட்டியிருப்பதால் அதிகம் நகர முடியாது. முறுக்கினால் எளிதில் மாட்டிக்கொண்டு கிழிகிறது. வெளி விளிம்புக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு, உள்பகுதி கிழிந்தால் தானாக ஆறுவது அரிது.

அதன் அடியில் எலும்பு முனையைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, ரத்தக்குழாயும் இல்லை. மூட்டு நீரிலிருந்து ஊறிவருவதை வைத்தே அது பிழைக்கிறது. நரம்பு இல்லாததால் தேய்வதும் தெரிவதில்லை. அந்தப் பதினைந்து ஆண்டு அமைதியின் பொருள் இதுதான். வலி வரும்போது வலிப்பது குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பும், மூட்டைச் சுற்றிய உறையும்தான்.

மெனிஸ்கஸை எடுத்தபின் மூட்டின் வடிவமே மாறுகிறது என்பதை பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் ஃபேர்பாங்க் 1948-ல் எக்ஸ்ரே படங்களோடு எழுதினார்: எலும்பு விளிம்பு நீளுகிறது, இடைவெளி சுருங்குகிறது, உருண்டை தட்டையாகிறது. ஸ்வீடனில் மெனிஸ்கஸ் அகற்றப்பட்டவர்களை 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்து 1998-ல் வெளியிட்டார்கள். அதே வயதுள்ள மற்றவர்களைவிட அவர்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானம் இருக்கும் வாய்ப்பு 14 மடங்கு. நம்மவருக்கும் அறுவைக்குப் பின் 21 ஆண்டு ஆகியிருந்தது.

வில்காலைப் பற்றி நிதானமாகவே பேச வேண்டும். பெல்ஜியத்தில் 20 முதல் 27 வயதுள்ள 250 ஆரோக்கியமானவர்களை அளந்த 2012-ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்களில் 32 சதவீதத்துக்கும் பெண்களில் 17 சதவீதத்துக்கும் 3 டிகிரியோ அதற்கு மேலோ வில் இருந்தது. வில்கால் ஒரு நோயல்ல. அது மட்டுமே புதிதாகத் தேய்மானத்தைத் தொடங்கி வைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் தொடங்கிவிட்ட தேய்மானத்தை விரட்டுகிறது என்பது தெளிவு. 2001-ல் வந்த ஆய்வில் 18 மாதத்துக்குள் உட்பக்கத் தேய்மானம் மோசமாகும் வாய்ப்பு வில்காலில் சுமார் நான்கு மடங்காக இருந்தது. மோசமாக மோசமாக வில் கூடுகிறது, வில் கூடக்கூட உட்பக்கச் சுமை ஏறுகிறது. அந்தச் சுழலுக்குள் வலது கால் போயிருந்தது. அதே வளைவு, அதே எடை, அதே வேலையோடு மெனிஸ்கஸை மட்டும் இழக்காத இடது கால் சுழலுக்கு வெளியே நின்றது.

எடுத்த முடிவுகள்

படத்தை அவர் முன் வைத்துக் கோட்டைப் பேனாவால் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எடையைக் குறைச்சு என்ன பிரயோஜனம் டாக்டர், கால் வளைஞ்சுதானே இருக்கப்போகுது?" என்றார்.

நியாயமான கேள்வி. கோடு எங்கே விழுகிறது என்பதை எடை மாற்றாது. ஆனால் அந்த இடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதை மாற்றும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் நடையை அளந்து காட்டியிருக்கிறார்கள். எலும்பை வெட்டி நேராக்கும் ஆஸ்டியோடமி பற்றியும் அன்றே சொன்னேன். முதலில் ஐந்து மாதம் முறையான பயிற்சி, எடைக் குறைப்பு, நிற்கும் நேரத்தில் உட்பக்கச் சுமையைக் குறைக்க முழங்காலில் அணியும் பிரேஸ், பிறகு மறுபரிசீலனை என்று பேசிக்கொண்டோம். சாய்வு அட்டையை எடுத்துவிட்டோம்.

பயிற்சியை இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் வாரம் மூன்று நாள் செய்தார். முன்தொடையோடு இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கும் சேர்த்து. ஒன்பதாம் மாதம் எடை 80 கிலோ, வலி நான்கு. நடையில் வெட்டு குறைந்தது, ஆனால் போகவில்லை. பிரேஸை வேலை நேரத்தில் போட அவருக்குச் சிரமமாக இருந்தது. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டார்.

பதின்மூன்றாம் மாதத்துக்குள் வலி மறுபடி ஆறு. எடை ஏறவில்லை, பயிற்சியும் நிற்கவில்லை. முறையாகச் செய்தும் திரும்பிய வலி என்பதால் அறுவையைப் பற்றி இம்முறை தயக்கமின்றிப் பேசினோம். முழங்காலின் உட்பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று ஒரு வழி. ஆனால் 45 வயதில், நின்று உழைப்பவருக்கு, பொருத்திய பாகம் அவர் ஆயுளுக்கு முன்பே தளர்ந்து மறு அறுவைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஆஸ்டியோடமிக்கு வேண்டியவை அவரிடம் இருந்தன: வெளிப்பக்கமும் முழங்கால் சில்லின் பின்புறமும் நன்றாக இருந்தன, முன் சிலுவைப் பிணைநார் உறுதி, கால் முழுதாக நீண்டு 130 டிகிரி மடங்கியது, புகைப்பழக்கம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வளைவு டிபியாவில் இருந்தது, அங்கேயே திருத்தலாம்.

குறைகளையும் சொன்னேன். எலும்பு சேர மாதக்கணக்காகும், சேராமலும் போகலாம். தகடு உறுத்தலாம். தேய்ந்த குருத்தெலும்பு திரும்பி வராது. பல ஆண்டுகள் கழித்து முழு மூட்டு மாற்று தேவைப்படலாம். ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

அறுவையும் அதற்குப் பின்னும்

பதினான்காம் மாதம் டிபியாவின் மேற்பகுதியை உட்பக்கமிருந்து வெட்டி, 8.5 டிகிரி திறந்து, தகடு பொருத்தினோம். கோடு 57-ல் விழுந்தது. 50-ஐச் சற்றுத் தாண்டுவது திட்டமிட்டதுதான், தேய்ந்த பக்கத்துக்கு ஓய்வு வேண்டும். மிகையாகத் தள்ளினால் வெளிப்பக்கம் கெடும், பார்ப்பதற்கும் முட்டி இடிக்கும் கால் போலாகிவிடும். இந்த வகைத் திறப்பில் டிபியாவின் பின்சரிவு, அதாவது அதன் மேற்பரப்பு பின்னோக்கிச் சாயும் அளவு, தெரியாமல் கூடிவிடும் அபாயம் உண்டு, அதைப் பக்கவாட்டுப் படத்தில் அளந்து பார்த்துக்கொண்டோம்.

ஆறு வாரம் ஊன்றுகோல். மூன்றாம் மாதம் எலும்பு சேர்ந்தது. நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினார். முதல் சில வாரம் அவருக்குக் கால் அந்நியமாக இருந்தது. "யாரோட காலோ மாதிரி இருக்கு" என்றார். பழைய வளைவுக்கு ஈடாக இத்தனை ஆண்டு அவர் உடல் கற்றுவைத்திருந்த நடையை மறக்க வேண்டியிருந்தது. இதை அறுவைக்கு முன்பே நான் சொல்லியிருக்கலாம். தகடு தோலுக்கடியில் உறுத்தியதால் பதினான்கு மாதத்துக்குப் பின் எடுத்தோம்.

இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது படியிறங்கும்போது வலி இரண்டு, சமதளத்தில் இல்லை. நடையில் வெட்டு இல்லை. உட்பக்க இடைவெளி அதே 2 மி.மீ., மேலும் சுருங்கவில்லை. நாள் முழுக்க நின்றால் மாலையில் லேசான வீக்கம் இன்னும் வருகிறது. ஓடுவதை விட்டுவிட்டார்.

இடையில் தன் 15 வயது மகனை அழைத்துவந்தார். அப்பாவைப் போலவே வில்கால், கால்பந்தும் ஆடுகிறான், வலி இல்லை. "இவனுக்கும் இப்பவே நேராக்கிடலாமா டாக்டர்?" என்று கேட்டார். கூடாது என்றேன். வலியில்லாத, மெனிஸ்கஸ் முழுதாக உள்ள வில்காலைத் தொட எந்தக் காரணமும் இல்லை. ஆட்டத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்: முழங்கால் முறுக்கி வீங்கினால் தாமதிக்காமல் காட்ட வேண்டும், மெனிஸ்கஸ் கிழிந்திருந்தால் அதை எடுப்பதற்கு முன் தைக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

அடுத்த முறை மாற்றுவது

உட்பக்க முழங்கால் வலியோடு வருபவரை இப்போது முதலில் நடக்கவைத்துப் பார்க்கிறேன், வெறுங்காலோடு, முழங்கால் தெரியும்படி. படுக்கையில் சோதிப்பது அதற்குப் பிறகு. எக்ஸ்ரே நின்றபடிதான். வில் தெரிந்தாலோ, மெனிஸ்கஸ் எடுத்த வரலாறு இருந்தாலோ நீளப் படமும் அன்றே. பழைய அறுவைக் குறிப்பைத் தேடி எடுத்துவரச் சொல்கிறேன். எவ்வளவு அகற்றினார்கள் என்பதுதான் அதில் எனக்கு வேண்டியது.

எடைக் குறைப்புக்கும் பயிற்சிக்கும் கொடுத்த ஐந்து மாதத்தைக் குறைக்க மாட்டேன். வலியை ஏழிலிருந்து நான்காக்கியது அதுதான், அறுவைக்குப் பின் அவர் விரைவில் எழுந்ததற்கும் அந்தத் தசைகள் உதவின. வீணானது முதல் நான்கு மாதம். இடைவெளி 2 மி.மீ.க்கு வருமுன்பே, இன்னும் சில ஆண்டு முன்னதாக, யாராவது அவரை நிற்கவைத்துப் படம் எடுத்திருந்தால் திருத்தம் சிறியதாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இடது முழங்காலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நின்றபடி படம் எடுத்துப் பார்க்கிறோம். கடைசிப் படத்தில் இடைவெளி 5 மி.மீ., கோடு அதே 37-ல்.